இலை இல்லாத இயந்திரம்: காரைக்குடியில் ஓர் ஓட்டின் கணக்கு

2021 மார்ச் மாதக் கடைசி. காரைக்குடி முத்துப்பட்டணம் பக்கம் ஒரு பலகாரக் கடையின் பின்கட்டு. தரையில் வெள்ளை வேட்டித் துணி விரித்துக் கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார் அக்கா. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே போகும், துணியில் வட்டம் தானாக விழும். ஏழு சுற்று. மறுநாள் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணச் சீருக்குப் போக வேண்டிய சரக்கு அது. நான் போனது அவருடைய கடைக் கணக்கைச் சரிபார்க்க. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்:

“ஏந் தம்பி, நம்ம தொகுதியில இலை இல்லையாமே. அப்ப நான் எதுல குத்துறது?”

அந்தக் கேள்வியில் தொடங்கி அந்த வீட்டின் ஓட்டுகளை நான்கு வருஷம் கவனித்து வந்தேன். ஆராய்ச்சி செய்யும் எண்ணமெல்லாம் முதலில் இல்லை. மூன்றாவது கட்சிக்குப் போட்டால் ஓட்டு வீணா என்று டீக்கடையில் கேட்டால் ஆமாம் என்பார்கள் ஒரு பாதி, இல்லை என்பார்கள் மறுபாதி. ஒரு வீட்டை வைத்து யாரும் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் இருந்த ஓட்டுகள்

அக்காவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கணவர் இல்லை. முறுக்கு, சீடை, மணகோலம், அதிரசம் செய்து விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல மாட்டார், “எங்க அப்பா அந்தக் கட்சி” என்பார். அவ்வளவுதான்.

அவருடைய அண்ணன் அதே தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவர் உதயசூரியன். ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர் எப்படி அந்தப் பக்கம் போனார் என்பது தனிக்கதை. மாணவப் பருவத்தில் எங்கோ கேட்ட ஒரு கூட்டத்தில் தொடங்குகிறது அது, இங்கே வேண்டாம்.

மகனுக்குப் பத்தொன்பது. அழகப்பர் பெயரில் உள்ள கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தான். முதல் ஓட்டு. அவனுடைய கைப்பேசி முழுக்கச் சீமான் பேச்சு. மகள் அப்போது பள்ளியில், ஓட்டு இல்லை. ஆனால் வீட்டில் அதிகம் பேசுவது அவள்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த வருஷம் காரைக்குடி இயந்திரத்தில் இலை மட்டுமல்ல, உதயசூரியனும் கிடையாது. தி.மு.க. அணியில் தொகுதி காங்கிரஸுக்குப் போயிற்று, அ.தி.மு.க. அணியில் பா.ஜ.க.வுக்கு. தமிழ்நாட்டை அரை நூற்றாண்டுக்கு மேல் மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளின் சின்னமும் இல்லாத ஒரு தொகுதியில், பெரிய கட்சிக்கா மூன்றாவது கட்சிக்கா என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். கேள்வியே கொஞ்சம் கோணலாகத்தான் வந்து நிற்கிறது.

இந்த மண்ணில் ‘மூன்றாவது’ யார்

செட்டிநாட்டில் இது புதிதும் அல்ல. 1962ல் தமிழகத்தில் காங்கிரஸ் 139 இடங்கள் பிடித்தது, தி.மு.க. 50. ராஜாஜி 1959ல் தொடங்கிய சுதந்திராக் கட்சிக்கு மாநிலம் முழுக்கக் கிடைத்தது ஆறே ஆறு. அந்த ஆறில் ஒன்று காரைக்குடி. வென்றவர் சா. கணேசன், கம்பன் கழகம் கண்ட கம்பன் அடிப்பொடி. சென்னையில் மூன்றாவது, காரைக்குடியில் முதலாவது.

இதற்குத் தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ப. சிதம்பரம் 1996லும் 1998லும் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியில் வென்றது தமிழ் மாநில காங்கிரஸின் (த.மா.கா.) சைக்கிள் சின்னத்தில். அப்போது த.மா.கா. தி.மு.க.வோடு இருந்தது. 1999ல் இரண்டு கழகங்களும் இல்லாமல் தனி அணியாக நின்றது. அதே ஆள், அதே ஊர், மத்திய நிதியமைச்சராக இருந்துவிட்டு வந்தவர். மூன்றாம் இடம். 2014ல் காங்கிரஸ் தனியாக நின்றபோது கார்த்தி சிதம்பரம் நான்காம் இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் இழந்தார். ஐந்து வருஷம் கழித்து தி.மு.க. கூட்டணியில் நின்று 3,32,244 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்து வருஷத்தில் ஊர்க்காரர்கள் மனம் அவ்வளவா மாறிவிட்டது? கூட்டணி மாறியது, அவ்வளவுதான்.

அதனால் ‘பெரிய கட்சி’ என்பது இங்கே ஒரு கட்சியின் எடை அல்ல, ஒரு கூட்டணியின் எடை. இதை அக்காவிடம் சொன்னபோது, “அதத்தான் நானும் கேக்குறேன். இலைக்காரங்க ஓட்ட எடுத்துத் தாமரைக்குக் குடுத்தா அது எப்படி இலையாகும்?” என்றார். நான் சொல்ல வந்ததை அவர் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்.

மூன்றாவது சின்னம் எது என்பதிலும் அந்த வருஷம் தெளிவு இல்லை. டி.டி.வி. தினகரன் தொடங்கிய அ.ம.மு.க.வின் குக்கர் நின்றது. நாம் தமிழர் கட்சியின் கரும்பு விவசாயியும் நின்றது. குக்கரை எளிதாக ஒதுக்கிவிட முடியாத காரணம் ஒன்று இருந்தது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் சிவகங்கையில் அ.ம.மு.க. வேட்பாளர் 1,22,534 ஓட்டு வாங்கி மூன்றாவதாக வந்தார். 2021ல் காரைக்குடியில் நின்றவரும் அவரேதான். இரண்டாவதாக வந்த பா.ஜ.க.வின் எச். ராஜாவுக்குக் கிடைத்தது 2,33,860. அவரும் காரைக்குடியில் நின்றார், 2001ல் இதே தொகுதியில் தி.மு.க. கூட்டணியில் வென்றவர். ஆக முந்தைய தேர்தலின் இரண்டாமவரும் மூன்றாமவரும் அப்படியே சட்டமன்றத்துக்கும் வந்து நின்றார்கள். தேர்தல் முடிவுக்கு முன்னால் கையில் கிடைக்கக்கூடிய நம்பகமான எண் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் வாட்ஸப்.

வாசலுக்கு வந்த வாதங்கள்

முதலில் வந்தவர் அ.தி.மு.க.வின் வட்டச் செயலாளர். அக்காவுக்கு இருபது வருஷப் பழக்கம். திண்ணையில் உட்கார்ந்து ஒரு முறுக்கை உடைத்துக்கொண்டே பேசினார். “தங்கச்சி, சின்னத்தப் பாக்காத. கோட்டையில யாரு உக்காரணும்னு பாரு. எடப்பாடியார் மறுபடி வரணும்னா தாமரை ஜெயிக்கணும். குக்கருக்குப் போட்டா கை வந்துரும்.”

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் தேர்தல் முறையில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கிறார், பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த முறை எங்கே இருந்தாலும் காலப்போக்கில் இரண்டு பெரிய கட்சிகளை நோக்கியே இழுக்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ழே 1950களிலேயே எழுதினார். காரணம் எளிது. மூன்றாமவரைப் பிடித்தவர்களும், அவர் வரமாட்டார் என்று தெரிந்தால், முதல் இருவரில் யார் வந்துவிடக் கூடாதோ அவரைத் தடுக்கப் போய்விடுவார்கள். வட்டச் செயலாளர் துவெர்ழேயைப் படித்திருக்க மாட்டார். முறுக்கைக் கடித்துக்கொண்டே அதைத்தான் சொன்னார்.

இதே தொகுதிப் பக்கம் அதற்கு ஒரு சாட்சியும் உண்டு. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் ப. சிதம்பரத்துக்கும் அ.தி.மு.க.வின் ராஜ கண்ணப்பனுக்கும் இடையே வித்தியாசம் 3,354 ஓட்டு. தனித்து நின்ற தே.மு.தி.க. வாங்கியது சுமார் 60 ஆயிரம். எண்ணிக்கை நாளில் அந்தத் தொகுதி முடிவு எப்படி இழுத்தது, அப்புறம் வழக்காக எப்படி நீண்டது என்பதெல்லாம் ஊரில் இன்றும் பேச்சு. அந்த 60 ஆயிரத்தில் சிறு பகுதி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் முடிவு வேறு.

ஆனால் அந்த வாதம் ஒன்றைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. முதல் இருவரில் யார் வந்தாலும் உனக்கு ஒன்றுதானா, இல்லை பெரிய வித்தியாசமா? அதை அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்தார். கை வந்தால் பிடிக்காது, ஆனால் தூக்கம் போகாது. தாமரை வந்தாலும் அப்படியே. எடப்பாடியார் வந்தால் நல்லது. இந்த ஒரு தொகுதியால்தான் அது நிற்குமா என்றால், அப்படி அவருக்குத் தோன்றவில்லை. சரி. அப்படிப்பட்டவருக்குக் ‘கை வந்துரும்’ என்ற பயம் அவ்வளவாக ஏறாது. ஒருவரை எப்படியாவது தடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் அந்தப் பயத்தில் பொருள் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மேடையில் யாரும் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் எல்லாருக்கும் ஒரே பயத்தை விற்கிறார்கள்.

அண்ணன் வந்தார். அவருக்குத் தொல்லையே இல்லை. “தலைமை கைன்னா கைதான். சூரியன் இருந்தா சந்தோஷம், இல்லேன்னா என்ன?” கூட்டணியைக் கட்சியாகவே பார்க்கப் பழகிய ஓட்டு அது. தமிழ்நாட்டில் கூட்டணிகள் ஜெயிப்பது இப்படிப்பட்டவர்களால்தான், இலைக்காரர்களில் எத்தனை பேர் அப்படி என்பதுதான் அந்த வருஷம் காரைக்குடியில் கேள்வி.

மகனின் வாதம் வேறு தினுசு. அவன் ஜெயிப்பதைப் பற்றியே பேசவில்லை. “சார், நாங்க 2016ல ஒரு பர்சென்ட். 2019ல நாலு பர்சென்ட் கிட்ட. இந்தத் தடவை இன்னும் ஏறும். எட்டு வந்தா கட்சிக்கு அங்கீகாரம், நிலையான சின்னம். என் ஓட்டு எங்கேயும் போகாது, அந்தக் கணக்குல இருக்கும்.” மாமா இடையில் புகுந்தார்: “டேய், அது பி டீம்டா.” யாருடைய பி டீம் என்பதில் அவருக்கே அந்த நிமிஷம் தெளிவில்லை, விட்டுவிட்டார்.

பையன் சொன்ன விதி உண்மைதான். ஓர் இடமும் ஜெயிக்காவிட்டாலும் மாநில அளவில் செல்லுபடியான ஓட்டுகளில் 8 விழுக்காடு வாங்கினால் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் உண்டு. அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சின்னம் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகக் கிடைக்க வேண்டும், இயந்திரத்திலும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கெல்லாம் கீழேதான் பெயர் வரும். அதைவிட முக்கியம், இந்த 8 விழுக்காட்டுக் கணக்கு மாநிலம் முழுக்கப் போகும் கணக்கு. உன் தொகுதியில் நீ நான்காவதா ஐந்தாவதா என்று அது பார்க்காது. ஒரே பொத்தான், ஆனால் அது இரண்டு கணக்கில் ஏறுகிறது. ஒன்று மே மாதம் முடிகிற கணக்கு, மற்றொன்று வருஷக்கணக்காக ஓடுவது.

நம் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவைக்கும் குடியரசுத் தலைவருக்கும் ஓட்டுப் போடும்போது முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். முதல் விருப்பம் தோற்றால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும், வீணாகாது. அவர்களை அனுப்பி வைக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. அக்கா முதலில் இலை, இல்லாவிட்டால் குக்கர், அதுவும் இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று எண் போட முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

அப்புறம் பணம் வந்ததா என்று கேட்பீர்கள். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 6

கொரோனா காலத் தேர்தல். வாக்குச்சாவடி வாசலில் நெற்றியில் வெப்பம் பார்த்து, வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். முறுக்குச் சுற்றிப் பழகிய விரலுக்கு அந்த உறை பெரிதாக இருந்ததாம், நுனி மடங்கி மடங்கி நின்றது. “எங்க தப்பா அமுக்கிருவேனோன்னு பயந்துட்டேன் தம்பி” என்றார்.

உள்ளே போய் முதலில் இலையைத்தான் தேடியிருக்கிறார். இல்லை என்று தெரிந்தே போனவர், ஆனாலும் கண் தேடியது. மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தார். கை, தாமரை எல்லாம் மேலே. குக்கர் கீழே. உறைக்குள் இருந்த விரலை நிமிர்த்திக் குக்கரை அமுக்கினார். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் அந்தச் சீட்டு ஏழு விநாடி நின்று, அறுந்து விழுந்தது.

ஏன் குக்கர்? வட்டச் செயலாளரிடம் சொன்ன பதில் ஒன்று (“மறந்துபோய் அமுக்கிட்டேன்”), என்னிடம் சொன்னது ஒன்று. “அம்மா கூட இருந்தவங்க கட்சிதானே. இலை இல்லேன்னா இலைக்குப் பக்கத்துல இருக்கறது.” ஆக அவர் கணக்கில் குக்கர் மூன்றாவது கட்சியே அல்ல. காணாமல் போன தன் கட்சியின் நிழல். இதைக் கருத்துக்கணிப்புக்காரர்கள் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மகன் விவசாயி. அண்ணன் கை.

மே 2ல் வந்த எண்கள்

காங்கிரஸின் மாங்குடி 75,954. பா.ஜ.க.வின் எச். ராஜா 54,365. அ.ம.மு.க. 44,864. நாம் தமிழர் நான்காவது, 20 ஆயிரத்துக்கு மேல். வித்தியாசம் 21,589.

அன்று சாயங்காலமே வட்டச் செயலாளர் வந்துவிட்டார். தாமரையையும் குக்கரையும் கூட்டினால் 99,229. கை வாங்கியதோ 75,954. “பாத்தியா தங்கச்சி, உங்க குக்கர்தான் கெடுத்துச்சு.” அக்கா முகம் கொஞ்சம் விழுந்துதான் போனது.

கூட்டல் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியா? நான் அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. குக்கரே நிற்கவில்லை, அந்த 44,864 பேரும் வீட்டில் தங்காமல் வந்து கைக்கோ தாமரைக்கோ போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 21,589ஐத் தாண்டித் தாமரை ஜெயிக்க வேண்டுமானால் அவர்களில் 33,227 பேர் தாமரைக்கும் மீதி 11,637 பேர் மட்டும் கைக்கும் போக வேண்டும். அதாவது நான்கில் மூன்று பேர். இலைக்கார வீட்டு ஓட்டுகளில் நான்கில் மூன்று தாமரைக்குப் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? இடையில் சிலர் வராமலே இருந்திருப்பார்கள், சிலர் நோட்டாவில் அமுக்கியிருப்பார்கள், சிலர் விவசாயிக்குப் போயிருப்பார்கள். அப்படி நழுவும் ஒவ்வோர் ஓட்டுக்கும் தேவைப்படும் பங்கு இன்னும் மேலே ஏறும். அந்த வேட்பாளருக்குச் சொந்தபந்தம், ஊர்ப்பழக்கம் என்று வந்த ஓட்டும் இருக்கும். அதெல்லாம் ஆளோடு வந்தது, ஆள் நிற்காவிட்டால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்.

ஆகவே ‘குக்கர் கெடுத்தது’ நடந்திருக்க முடியாதது அல்ல, ஆனால் நிச்சயமும் அல்ல. 2009ஐப் போலச் சில ஆயிரத்தில் நின்ற முடிவு அல்ல இது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஓட்டைப் பிரிப்பது என்று பேசுவதுதான் என்னைப் பொறுத்தவரை தவறு. மூன்றாமவர் வாங்கிய ஓட்டு வித்தியாசத்தைவிட அதிகம் என்பதாலேயே குற்றம் மூன்றாமவர்மீது விழுந்துவிடாது. எத்தனை பங்கு, எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். அப்புறம் தொகுதியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்த மேலிடத்தையும் கேட்கலாம், அக்காவை மட்டும் கேட்பானேன்?

இன்னொன்றும் உண்டு. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். சட்டமன்றத்துக்கு அது 10 ஆயிரம் ரூபாய். குக்கர் அதைத் தாண்டியது. மாநிலம் முழுக்கப் பார்த்தால் அ.ம.மு.க. ஓர் இடமும் ஜெயிக்கவில்லை. ஆனால் இந்தத் தொகுதியில் அது உதிரிக் கட்சியாக நிற்கவில்லை, இரண்டாம் இடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவான தூரத்தில் நின்றது. இன்னொரு ஐயாயிரம் பேர் தாமரையிலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் ‘மூன்றாவது’ என்ற பட்டம் தாமரைக்குப் போயிருக்கும், ஓட்டை வீணாக்கியவர்கள் என்ற பழியும் கூடவே.

இடையில் ஒரு வார்டு

2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் வந்தது. இலையும் தாமரையும் தனித்தனியாக நின்றன. ஆக இயந்திரத்தில் இலை இருந்தது. அக்கா போட்டது ஒரு சுயேச்சைக்கு.

எனக்கு ஆச்சரியம்தான். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட தெருவில் கடை வாசலுக்கு இரண்டு லோடு கிராவல் அடித்துக் கொடுத்தவராம் அந்த ஆள். “கோட்டைக்கு இலை, குழிக்கு யாரு மூடுறாங்களோ அவங்க.” வார்டில் சில நூறு ஓட்டில் தலையெழுத்து மாறும், வீடு வீடாகத் தெரிந்த முகம் கட்சியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அங்கே மூன்றாவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

2024: நிழல் போன இடம்

2023 செப்டம்பரில் அ.தி.மு.க. பா.ஜ.க. கூட்டணியை விட்டு வெளியே வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சிவகங்கையில் இலை நின்றது. அக்காவுக்கு நிம்மதி. ஆனால் மார்ச்சில் அ.ம.மு.க. எங்கே போனது தெரியுமா? பா.ஜ.க. கூட்டணிக்கு. 2021ல் தாமரைக்குப் போட மனமில்லாமல் குக்கருக்குப் போட்டவரின் வாசலில், மூன்றே வருஷத்தில் குக்கர்க்காரர்கள் தாமரை நோட்டீஸோடு வந்து நின்றார்கள். அதே தெரு, நான்கைந்து அதே முகங்கள்.

“என்ன தம்பி இது, நான் குடுத்த ஓட்ட இவங்க அங்க கொண்டுபோய் வச்சிட்டாங்களே.”

மூன்றாவது கட்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரிய கட்சியின் ஆபத்தையெல்லாம் எண்ணிப் பார்ப்பார்கள், இதை மட்டும் எண்ணுவதில்லை. அந்தக் கட்சி அடுத்த தேர்தலில் மூன்றாவதாகவே நிற்குமா? தமிழ்நாட்டில் தனியாக நின்று ஓட்டுக் காட்டுவதும், அந்த ஓட்டை வைத்து அடுத்த முறை பேரம் பேசுவதும் பழைய வழி. தே.மு.தி.க. 2006ல் 8 விழுக்காட்டைத் தாண்டியது, 2009ல் பத்தைத் தாண்டியது, 2011ல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடங்கள் வாங்கியது. அதற்குப் பின்னால் நடந்ததும் தெரியும். 2016ல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து நின்றபோது இரண்டரை விழுக்காட்டுக்கும் கீழே. கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் 2021ல் தனி அணி, 2024ல் தி.மு.க. அணிக்கு ஆதரவு. இதைத் துரோகம் என்று நான் சொல்லவில்லை. கட்சி நடத்துகிறவர்களுக்கு அது பிழைப்புக் கணக்கு. ஆனால் ஓட்டுப் போடுகிறவர் அந்தக் கணக்கில் தன் ஓட்டும் ஒரு சில்லறை என்று முன்னமே தெரிந்துகொண்டு போட வேண்டும்.

ஜூன் 4ல் வந்த முடிவு: கார்த்தி சிதம்பரம் 4,27,677. இலை 2,22,013. தாமரைச் சின்னத்தில் நின்றவர் 1,95,788. நாம் தமிழர் 1,63,412. இந்த முறையும் கூட்டல் போட ஆள் வந்தது. இலையும் தாமரையும் சேர்ந்திருந்தால் கார்த்தியை விடச் சுமார் பத்தாயிரம் தாழ்வு என்றுதான் வரும், அதனால் வந்தவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

என் கவனம் நான்காவது எண்ணில் நின்றது. அந்த வருஷம் நாம் தமிழருக்குக் கரும்பு விவசாயி சின்னம்கூடக் கிடைக்கவில்லை. வேறொரு கட்சிக்குப் போய்விட்டது, மைக் சின்னத்தில் நின்றார்கள். சின்னம் மாறியும் 1,63,412. மாநில அளவில் 8 விழுக்காட்டைத் தாண்டினார்கள். 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையம் அங்கீகாரம் கொடுத்தது. மகன் அந்தச் செய்தித்தாளை மடித்துக் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தான், இன்னும் இருக்கிறது.

ஆக ஒரே வீட்டில் 2021ல் விழுந்த இரண்டு ‘மூன்றாவது’ ஓட்டுகள் இரண்டு விதமாகப் போயின. அக்காவின் குக்கர் ஓட்டு நிலைக்கவில்லை, கடைசியில் எதிர்ப்பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. மகனுடையது யாரையும் ஜெயிக்க வைக்கவில்லை, ஆனால் போட்டவன் எந்தக் கணக்குக்குப் போட்டானோ அந்தக் கணக்கில் ஏறியது. அவன் கெட்டிக்காரன், அவர் ஏமாந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் கட்சியும் நாளைக்கு எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கு உத்தரவாதம் இல்லை. அவரோ 2021ல் கேட்டது ஒரே விஷயம்தான், இலை ஏன் இல்லை என்று. அதை ஓட்டால் சொல்ல அன்று அவருக்கு இருந்த வழி அது ஒன்றே. அந்தத் தகவல் போய்ச் சேராமலும் இல்லை. 44,864 என்ற எண்ணைப் பார்த்தவர்கள் கட்சி அலுவலகங்களில் இருக்கத்தான் செய்வார்கள்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அவர் மூன்று தேர்தலிலும் ஜெயித்த பக்கம். அதில் அவருக்குப் பெருமை உண்டு, வருத்தமும் உண்டு. ஒரு தடவை சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்: “சூரியனுக்குக் கடைசியா எம்எல்ஏ எலெக்சன்ல எப்ப குத்துனேன்னு யோசிச்சிப் பாக்குறேன். ஞாபகம் வர மாட்டேங்குது.”

2025 ஏப்ரல்

கணக்கு முடிக்கிற மாதம் கழிந்து வழக்கம்போலப் போயிருந்தேன். மகள் இப்போது கல்லூரியில், அடுத்த தேர்தலில் அவளுக்கும் ஓட்டு. விஜய் கட்சி என்கிறாள். அண்ணன்காரன் அவளிடம் விழுக்காட்டுக் கணக்கு பேசுகிறான், “மொதல்ல ஒரு தேர்தல்ல நில்லுங்க, அப்புறம் பேசலாம்” என்று. நான்கு வருஷத்துக்கு முன்னால் மாமா அவனிடம் பேசிய அதே தொனி.

அக்கா பின்கட்டில் கொட்டானில் அதிரசம் அடுக்கிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் மறுபடி கூட்டணி என்று அறிவிப்பு வந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. எடப்பாடியாரும் அமித் ஷாவும் ஒரே மேடையில் இருந்த படம் திரும்பத் திரும்ப ஓடியது.

அடுக்கி முடித்து, ஓலை மூடியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“காரைக்குடிய யாருக்குக் குடுப்பாங்களாம் தம்பி?”